ஊருக்குப் போன இடத்தில் படுத்துவிட்டால்: ஜெர்மனி வேலைக்கு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கும் வழி

என் இடது முன்கையில் ஒரு மச்சம் உண்டு. அது அம்மாவுக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் நான் வேலை பார்க்கிற கம்பெனியின் எச்.ஆர். அம்மாவுக்கும் தெரியும். எப்படித் தெரிந்தது என்று சொன்னால்தான் இந்த விஷயம் முழுசாகப் புரியும்.

2024 தீபாவளிக்கு மூன்று வாரம் லீவு போட்டு பாளையங்கோட்டைக்குப் போனேன். அக்டோபர் 28 திங்கள் தொடங்கி நவம்பர் 15 வெள்ளி வரை. நடுவில் நவம்பர் 1 ஸ்டுட்கார்ட் இருக்கிற ஜெர்மன் மாநிலத்தில் அரசு விடுமுறை என்பதால் கணக்கில் 14 நாள். தீபாவளி முடிந்த மறுவாரம், நவம்பர் 6 ராத்திரி, குளிர்காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் சுத்தியலால் தட்டுகிற மாதிரி வலி. டெங்கு என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

என்னைப் போல ஜெர்மனியில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு ஊருக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனால் சரியான தாள் கையில் இருக்க வேண்டும். நான் முதல் தடவை தப்பான தாளை அனுப்பி ரெண்டு நாள் லீவை இழந்தேன்.

முதலில், எதற்காக இந்தப் பாடு?

லீவில் இருக்கும்போது உடம்பு சரியில்லாமல் போனால், வேலை செய்ய முடியாத நிலை என்று டாக்டர் சான்று கொடுத்த நாட்கள் உங்கள் வருட லீவில் கழியாது. ஜெர்மன் விடுமுறைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. காய்ச்சல் வந்த ஊர் ஸ்டுட்கார்ட்டா திருநெல்வேலியா என்று அது பார்ப்பதில்லை. லீவு முடிந்தும் எழுந்திருக்க முடியவில்லை என்றால், அந்த நாட்களுக்கு வழக்கம்போல முழுச் சம்பளம் வரும். ஒரு நோய்க்கு ஆறு வாரம் வரை கம்பெனி கொடுக்க வேண்டும். வேலையில் சேர்ந்து நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். திரும்பக் கிடைக்கிற லீவு நாட்களை நீங்களாகவே கடைசியில் ஒட்டிக்கொண்டு ஊரில் இருந்துவிட முடியாது. காய்ச்சலில் ஐந்து நாள் போனது, ஆகவே ஐந்து நாள் கழித்து வருகிறேன் என்று சொன்னால் அது அனுமதியில்லாத லீவு. வேலையே போகலாம். குணமாகிவிட்டால் முன்பு சொன்ன தேதிக்குப் போய்ச் சேர வேண்டும். மிச்ச நாட்களை மேலதிகாரியைக் கேட்டு வேறொரு சமயம் எடுத்துக்கொள்ளலாம்.

ஓவர்டைமுக்குப் பதிலாக எடுத்த நாளில் காய்ச்சல் வந்தால் பொதுவாக அது போனதுதான். லீவில் இருக்கும்போது பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாலும் உங்கள் லீவு திரும்பாது. படுத்தது நீங்களாக இருக்க வேண்டும்.

காய்ச்சல் கண்ட அன்றே சொல்லுங்கள்

லீவில்தானே இருக்கிறோம், திங்கட்கிழமை போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டில் படுத்தால் கிடைக்கிற வேகமான வழியில் உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். தெரிவிக்க வேண்டியவை மூன்று: வேலை செய்ய முடியாது என்பது, எத்தனை நாள் ஆகலாம் என்பது, இப்போது தங்கியிருக்கும் விலாசம். இந்த விலாசத்தைத்தான் எல்லாரும் மறப்பார்கள். "நேட்டிவ் பிளேஸ்" என்று எழுதினால் போதாது. கதவு எண், தெரு, ஊர், பின்கோடு எல்லாம் வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் ரெண்டும் உண்டு. ரெண்டையும் எழுதினேன்.

நவம்பரில் நமக்கும் ஜெர்மனிக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை 9 என்றால் இங்கே மதியம் 1:30. நான் மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் சேர்த்து ஒரே மெயில் போட்டேன். காய்ச்சல் என்றுகூட எழுதவில்லை. என்ன நோய் என்று கம்பெனிக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. நாம்தான் ஊர்ப் பழக்கத்தில் டெம்பரேச்சர் முதல் பிளேட்லெட் வரை எல்லாவற்றையும் ஒப்பிப்போம்.

அதே நாளில் கிராங்கன்காசேவுக்கும், அதாவது உங்கள் அரசு மருத்துவக் காப்பீட்டுக்கும், தெரிவிக்க வேண்டும். டிகே, ஏஓகே, பார்மர் எதுவாக இருந்தாலும் ஆப்பில் செய்தி அனுப்பினால் போதும். ஆனால் வைத்தியச் செலவை அவர்களிடம் எதிர்பார்க்காதீர்கள். இந்தியாவோடு 2017 மே மாதம் முதல் ஜெர்மனிக்கு ஒரு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது, அது ஓய்வூதியத்துக்கானது. ஆஸ்பத்திரி பில்லுக்கு வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்பீடு தனியாக எடுத்திருக்க வேண்டும். சில யூரோக்களில் ஒரு வருடத்துக்கே கிடைக்கும். எடுக்காமல் விமானம் ஏறுகிறவர்களை எனக்கு இன்னும் புரியவில்லை.

நான் வாங்கிய முதல் தாள்

நவம்பர் 7 காலை, தெருமுனை கிளினிக். டாக்டர் வயதானவர், என் அப்பாவுக்குப் பழக்கம். பார்த்தார், மாத்திரை எழுதினார். "லீவுக்கு ஒரு லெட்டர் வேணும் டாக்டர்" என்றேன்.

"எத்தன நாளு போடணும்?"

நம் ஊரில் டாக்டர் கேட்கிற கேள்வி இதுதான். ஜெர்மனியில் இந்தக் கேள்வி நோயாளியிடம் வராது. டாக்டரே பார்த்து, வெள்ளிக்கிழமை வரை என்று போட்டுவிடுவார். நான் மழுப்பலாகச் சிரித்தேன். அவர் மருந்துச் சீட்டின் அடியிலேயே, வைரல் ஃபீவர், அஞ்சு நாள் ரெஸ்ட் என்று கிறுக்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முத்திரை இல்லை. எந்தத் தேதியிலிருந்து என்பது இல்லை. என் பெயர் கூட, அப்பாவின் இனிஷியலோடு வீட்டில் கூப்பிடுகிற பெயர்.

படம் பிடித்து அனுப்பினேன். மறுநாள் மதியம் எச்.ஆரிடமிருந்து பதில். மரியாதையான பதில்தான். இந்தத் தாளில் உங்களுக்கு நோய் என்று இருக்கிறது, வேலை செய்ய இயலாது என்று எங்கும் இல்லையே என்று கேட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. காய்ச்சலில் கிடக்கிறவன் எப்படி வேலை செய்வான்? அப்புறம் படித்துப் பார்த்தபோது, அந்த அம்மா சொன்னதில் ஒரு சட்ட நியாயம் இருந்தது தெரிந்தது. வெளிநாட்டுச் சான்றைப் பற்றி ஜெர்மன் தொழிலாளர் நீதிமன்றங்கள் பல வருடமாகச் சொல்லி வருவது இது: நோய் வேறு, அந்த நோயால் வேலை செய்ய இயலாமல் போவது வேறு. அந்த வித்தியாசம் தெரிந்துதான் டாக்டர் எழுதினார் என்பது தாளில் தெரிய வேண்டும். சளி பிடித்த கணக்கெழுத்தர் வேலைக்குப் போகலாம், சளி பிடித்த பாடகர் போக முடியாது. "ரெஸ்ட்" என்ற சொல் இதைச் சொல்வதில்லை.

அந்த 7, 8 தேதிகள் ரெண்டும் என் லீவிலேயே கழிந்தன. சண்டை போட்டிருக்கலாம். தெம்பு இல்லை.

மேசை இழுப்பறையில் இருக்கிற ஃபாரம்

சனிக்கிழமை ரத்தம் கொடுத்ததில் டெங்கு பாசிட்டிவ். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் இறங்கிவிட்டது, எனக்குச் சந்தோஷம். ஆனால் டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரமாம். பிளேட்லெட் 62,000. பாளையங்கோட்டையிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா ஒரு பக்கம் நிலவேம்புக் கஷாயத்தோடும், பெரியம்மா இன்னொரு பக்கம் பப்பாளி இலைச் சாற்றோடும் நிற்க, நான் டிரிப்ஸ் ஏறிய கையோடு செல்போனில் ஜெர்மன் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன்.

அங்கே இருந்த டியூட்டி டாக்டர் சின்னப் பையன். நான் எச்.ஆர். மெயிலை மொழிபெயர்த்துச் சொன்னதும், "கவர்மென்ட் ஸ்டாஃபுக்கு எழுதுற ஃபாரம் போதுமா சார்?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் எனக்கு விடிவு.

நம் ஊரில் ஆசிரியர்களும் தாலுகா ஆபீஸ்காரர்களும் மெடிக்கல் லீவுக்குக் கொடுக்கிற அந்தப் பழைய ஃபாரம் ஏறக்குறைய எல்லா டாக்டரிடமும் இருக்கும். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் வெளியிட்ட நடத்தை விதிகளின் பின்னிணைப்பிலேயே அதன் மாதிரி இருக்கிறது. அதன் வாசகத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: மேலே கையொப்பமிட்டிருக்கும் இன்னாரை நான் கவனமாகப் பரிசோதித்தேன், இவர் இந்த நோயால் அவதிப்படுகிறார், இவர் உடல்நலம் தேற இன்ன தேதியிலிருந்து இத்தனை நாள் பணிக்கு வராமல் இருப்பது மிக அவசியம் என்று கருதுகிறேன்.

பாருங்கள். பரிசோதித்தது, நோய், பணிக்கு வர இயலாமை, தேதி. ஜெர்மன் நீதிபதி கேட்கிற எல்லாம் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. நோயும் பணியும் தனித்தனியாகவே வருகின்றன. தாலுகா ஆபீஸ்காரருக்காக எழுதிய வாசகம் ஸ்டுட்கார்ட்டுக்கும் பொருந்துகிறது.

அந்த விதிகளிலேயே இன்னொன்றும் உண்டு. சான்று கொடுக்கிற டாக்டர் நோயாளியின் அங்க அடையாளம் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும், சான்றுக்கு ஒரு நகல் வைத்திருக்க வேண்டும். கம்பவுண்டர் ஃபாரத்தைக் கொண்டுவந்து, "மச்சம் எங்க இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். முழுக்கை பனியனை மேலே ஏற்றிக் காட்டினேன். இடது முன்கையில் கறுப்பு மச்சம் என்று ஆங்கிலத்தில் எழுதினார். அப்படித்தான் அது ஜெர்மனிக்குப் போனது.

ஆகவே டாக்டரிடம் போய் "லீவு லெட்டர்" என்று கேட்காதீர்கள். "கவர்மென்ட் ஸ்டாஃபுக்குக் குடுக்கிற மெடிக்கல் சர்டிபிகேட் ஃபாரத்துல வேணும்" என்று கேளுங்கள். அவருக்கு உடனே புரியும்.

எழுதும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை

பெயர். இதில்தான் நம் ஆட்கள் மாட்டுவார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். ஆபீஸில் எல்லாரும் என்னை "ஹெர்", அதாவது மிஸ்டர், போட்டு என் அப்பா பெயரால்தான் கூப்பிடுகிறார்கள், பத்து வருடமாக அப்பாவுக்காக நான்தான் திரும்பிப் பார்க்கிறேன். ஊர் டாக்டரோ இனிஷியலும் என் பெயரும் மட்டும் போடுவார். அங்கே அது வேறு ஆள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைக் காட்டி எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

தேதி. "அஞ்சு நாள்" என்பது தேதி ஆகாது. எந்த நாள் முதல் எந்த நாள் வரை, ரெண்டு எல்லையும் வேண்டும், சனி ஞாயிறு உட்பட. பரிசோதித்த தேதியும் தனியாக இருக்க வேண்டும். முன்தேதி போட்டுக் கேட்காதீர்கள். நம் ஊரில் தெரிந்த டாக்டர் தயவுக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார். ஜெர்மன் டாக்டர்களுக்கே விதிவிலக்காக மூன்று நாள் வரைதான் பின்னோக்கிப் போட வழி உண்டு. பத்து நாள் பின்னோக்கி எழுதிய திருநெல்வேலித் தாளைப் பார்த்தால் கம்பெனிக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசியுங்கள்.

வாசகம். ஃபாரத்தின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்: இந்தத் தேதிகளில் இவர் "அன்ஃபிட் ஃபார் வொர்க்". டாக்டர் சிரித்தான், போட்டுக் கொடுத்தான்.

லெட்டர்ஹெட், முத்திரை, கையெழுத்து, டாக்டரின் மெடிக்கல் கவுன்சில் பதிவு எண், போன் எண். முடிந்தால் டைப் செய்து வாங்குங்கள். நம் டாக்டர்களின் கையெழுத்தை மெடிக்கல் ஷாப் பையன் படிப்பான், எச்.ஆர். படிக்க மாட்டார். என்னுடையது ஆங்கிலத்தில் இருந்தது, யாரும் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை.

ரெண்டு பிரதி. ஜெர்மனியில் கம்பெனிக்குப் போகிற சான்றில் நோயின் பெயர் இருக்காது, கிராங்கன்காசேவுக்குப் போவதில் இருக்கும். நம் ஃபாரத்தில் நோய் நடு வாக்கியத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நோய்ப் பெயரை விட்டு இன்னொன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டால், டாக்டர் ஒருமாதிரிப் பார்ப்பார், தருவார். டெங்கு என்றால் மறைக்க என்ன இருக்கிறது என்று நான் ஒன்றே வாங்கினேன். மூல நோய்க்கோ மனச்சோர்வுக்கோ வாங்குகிறவர் ரெண்டாகவே வாங்கட்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரிஜினல் பில்லும் பத்திரமாக இருக்கட்டும். பயணக் காப்பீட்டுக்காரர் பில் கேட்பார். சம்மரி உங்களுக்கே, பிற்பாடு யாராவது சந்தேகப்பட்டால்.

காது குத்தும் போட்டோவும்

14-ஆம் தேதி வியாழன் டிஸ்சார்ஜ். 16 சனிக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து விமானம். போகக் கூடாது என்றார் பெரிய டாக்டர். சான்று நவம்பர் 10 முதல் 17 வரை. அவர் "ஸ்டிரிக்ட் பெட் ரெஸ்ட்" என்று போடப் போனார், நான் தடுத்தேன். ஏனென்றால் மறுநாள் வெள்ளிக்கிழமை தங்கச்சி மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி, அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன்.

சாஸ்தா கோயிலில் வைப்பதாக இருந்ததை வீட்டுத் திண்ணைக்கு மாற்றினார்கள். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன், பிள்ளையை மடியில் வைத்தார்கள், ஆசாரி ரெண்டு நிமிஷத்தில் குத்திவிட்டார். பிள்ளை என் காதுக்குள்ளேயே அலறினாள். முடிந்ததும் போய்ப் படுத்துவிட்டேன். மச்சான் போட்டோவை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடப் போனார். "வேண்டாம் மாப்ள, என் ஆபீஸ்காரன் பாப்பான்" என்றேன். அவருக்கு வருத்தம்தான்.

வேலை செய்ய இயலாது என்றால் ஜெயிலில் இருப்பதாக அர்த்தமில்லை. குணமாவதைக் கெடுக்காத எதையும் செய்யலாம், திண்ணையில் பத்து நிமிஷம் உட்காரலாம். ஆனால் தாளில் கண்டிப்பான படுக்கை ஓய்வு என்று எழுதியிருக்க, போட்டோவில் பட்டு வேட்டியோடு நீங்கள் இருந்தால், தாளின் மதிப்பு போய்விடும். டாக்டர் எழுதுவதும் நீங்கள் நடந்துகொள்வதும் ஒன்றாக இருக்கட்டும்.

இதை அன்று ஏதோ உள்ளுணர்வில் செய்தேன். ரெண்டு மாதம் கழித்து, 2025 ஜனவரி 15 அன்று, எர்ஃபுர்ட்டில் இருக்கிற கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. படித்தபோது எனக்கு வியர்த்தது. துனிசியாவுக்கு லீவில் போன ஒரு தொழிலாளி. அங்கே டாக்டர் 24 நாள் கண்டிப்பான வீட்டு ஓய்வு, பயணம் கூடாது என்று எழுதினார். மறுநாளே அந்த ஆள், ஓய்வு முடிவதற்கு ஒரு நாள் முந்திய தேதிக்குக் கப்பல் டிக்கெட் போட்டுவிட்டார். முந்தைய வருடங்களிலும் லீவை ஒட்டிச் சான்று கொடுத்த சரித்திரம் அவருக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய சான்றுக்கும் உள்நாட்டுச் சான்றுக்கு உள்ள மதிப்புதான் என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. ஆனால் இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் எழுகிறது, ஆகவே நோயை அவரே நிரூபிக்கட்டும் என்று வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது.

அதனால் சான்று முடிவதற்கு முந்திய தேதிக்கு டிக்கெட் மாற்றாதீர்கள். 16 அன்று மறுபரிசோதனை, பிளேட்லெட் ஏறியிருந்தது, ஆனால் எழுந்தால் தலைசுற்றல். 18 முதல் 22 வரை இன்னொரு சான்று, அதே ஃபாரம், அதே மச்சம். முதல் சான்று முடியும் முன்பே நீட்டிப்பை வாங்கி, அன்றே மெயில் அனுப்பினேன். 24 ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட்டை மாற்றினேன். மாற்றுக் கட்டணம் கம்பெனி தராது.

தாள் எப்படிப் போய்ச் சேரும்?

2023 ஜனவரி முதல் ஜெர்மன் டாக்டரின் சான்று கணினி வழியாகக் காப்பீட்டுக்குப் போய்விடுகிறது, கம்பெனி அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. இந்தப் பழக்கத்தில் நம் ஆட்கள் ஊரிலும் சும்மா இருந்துவிடுகிறார்கள். வெளிநாட்டு டாக்டரின் சான்று அந்தக் குழாய்க்குள் போகாது. நீங்கள்தான் அனுப்ப வேண்டும். கம்பெனிக்கு ஒரு ஸ்கேன், காப்பீட்டு ஆப்பில் ஒரு ஸ்கேன், ஒரிஜினல் கைப்பையில். செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள். மூன்று நாளுக்கு மேல் நோய் நீண்டால் அடுத்த வேலை நாளில் சான்று போய்ச் சேர வேண்டும் என்பது பொது விதி, ஆனால் லீவு நாட்களைத் திரும்பப் பெற முதல் நாளிலிருந்தே சான்று தேவை. சான்று தராமல் இழுத்தடித்தால் அது வரும்வரை சம்பளத்தை நிறுத்தி வைக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு.

பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சாப்பேலுக்குச் சாமான் வாங்கப் போய் அங்கே படுத்தாலும் இதே கதைதான், தாள் உங்கள் பொறுப்பு. ஆனால் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் இருக்கிற ஐரோப்பிய அட்டை அங்கே செல்லும் என்பதால் செலவுக் கவலை குறைவு. ஜெர்மனிக்குள் வேறு ஊரில் படுத்தால் எந்த டாக்டரிடமும் போகலாம், ராத்திரி என்றால் 116117 என்கிற டாக்டர் சேவை எண்ணுக்கு அடிக்கலாம்.

திரும்பி வந்ததும் ஒரு வேலை இருக்கிறது, பலர் செய்வதில்லை. நோயோடு திரும்பினால், வந்துவிட்டேன் என்று கம்பெனிக்கும் காப்பீட்டுக்கும் உடனே சொல்ல வேண்டும். நான் குணமாகி வந்தும் ஒரு வரி அனுப்பினேன். 25 திங்கள் காலை ஒரிஜினலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எச்.ஆர். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். ஐந்து லீவு நாள் திரும்ப ஏறியது. பிறகு தயங்கித் தயங்கி, தோல் டாக்டரையும் பார்த்தீர்களா என்று கேட்டார். மச்ச வரியில் விரல் இருந்தது.

இந்த வருடம் ஊருக்குக் கிளம்பும்போது அந்த ஃபாரத்தில் ரெண்டு காலி பிரதி அச்செடுத்து பாஸ்போர்ட் கவருக்குள் வைத்தேன். போனில் சொன்னதும் அம்மா, "வரும்போதே இத சொல்லிக்கிட்டு வாரியே, வாயில ஒரு நல்ல வார்த்த வராதால ஒனக்கு?" என்றாள்.